சீஃபின் தம்பி

அப்பாவின் இடது கட்டைவிரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தை அவள் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். பழைய பிளாஸ்திரி. ஓரமெல்லாம் அழுக்கேறி, நடுவில் பழுப்பாக ஒரு பொட்டு. கம்பெனி ஸ்டோரில் அட்டைப்பெட்டிகளைக் கிழிக்கும் கத்தி அந்த ஒரு விரலை மட்டும் வருஷம் முழுக்கப் பதம் பார்க்கும். ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று. பிளாஸ்திரி இல்லாத அந்த விரலை அவள் பார்த்ததாகவே நினைவில்லை.

"விடுடீ. அது அவரு தோலாவே ஆயிடுச்சு" என்றாள் அம்மா.

விட்டுவிட்டுக் குளிர்பெட்டியின் கண்ணாடி மூடியை இறக்கினாள். விட்டதும் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. விடிந்ததிலிருந்து இதே பாடுதான். டாக்டர் வந்து நெஞ்சைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன பிறகு அவள் ஓர் இடத்தில் உட்காரவில்லை. மேசையை நகர்த்தினாள். பெட்டிக்காரர்கள் குளிர்பெட்டியைக் கொண்டுவந்ததும் மறுபடியும் நகர்த்தினாள். பெட்டியின் ஒயர் சுவர்வரை எட்டவில்லை. கேபிள் கம்பெனி ஸ்டோர்கீப்பர் வீட்டில் ஒரு முழம் ஒயர் கிடையாது. பக்கத்து வீட்டுக்கு ஓடி வாங்கி வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகளை வாசலில் போட்டாள், பிறகு வெயில் மாறிவிட்டதென்று எல்லாவற்றையும் இழுத்து எதிர்ப்பக்கம் போட்டாள். குட்டிபோட்ட பூனை மாதிரி ஏன் சுற்றுகிறாய் என்று யாரோ கேட்டார்கள். உட்கார்ந்தால் அழுகை வந்து பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்பாவை எல்லோரும் சீஃப் என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவருடைய தலைமுடி வாங்கித்தந்த பதவி. பஞ்சாக நரைத்த முடி, தடித்த கண்ணாடி, எதைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்து மெதுவாகத் தலையாட்டும் பழக்கம். பணம் போட வருகிற வெளிநாட்டுக்காரர்கள் மெஷினைப் பார்ப்பதைவிட மெஷின் பக்கத்தில் நிற்கும் ஆளைத்தான் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்தவர் கேபிள் முதலாளி. அவருடைய நிஜமான இன்ஜினியருக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. ஆகவே விருந்தாளிகள் வரும் நாளில் ஸ்டோர்கீப்பருக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, சீஃப் இன்ஜினியர் என்று அறிமுகம் செய்துவிடுவார். அப்பா தலையாட்டுவார். வேறு வேலை இல்லை.

தொழிற்பேட்டையில் இதை யாரும் பெரிய தப்பாக நினைக்கவில்லை. பூந்தொட்டி, கம்பளம், சாமான் தூக்கும் வண்டி என்று விருந்தாளி வரும் நாட்களில் எல்லாமே கம்பெனிக்குக் கம்பெனி கைமாறும். பின்பக்கத்துப் பேட்டரி கம்பெனி அப்பாவையும் இரவல் கேட்டது. அங்கே கோட்டு நீலம்.

இரண்டு கம்பெனிக்கும் மொழிபெயர்ப்பாளர் அவள்தான். வேகமாக வளரும் சந்தை, தாராளமான நிலம், பத்து வருட வரிச்சலுகை, மின்வண்டித் தொழிலில் இறங்க இதைவிட நல்ல நேரம் வராது. தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் வந்தவர்களின் மொழியில் மளமளவென்று கொட்டுவாள். "சொர்க்கத்துல வரிச்சலுகை உண்டான்னு விசாரிச்சு வை பாப்பா, நான் சீக்கிரம் முதலீடு பண்ணணும்" என்று அப்பா கேலி செய்வார். அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. வருகிற வாக்கியம் அப்படியே போகும். பொய்யாக இருந்தால் அது சொன்னவருடைய பொய். அவள் வெறும் குழாய்.

போன வருஷம்தான் அந்தக் கூத்து நடந்தது. இரண்டு கம்பெனியிலும் பணம் போட யோசித்துக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஒருநாள் கேபிளையும் மறுநாள் பேட்டரியையும் பார்ப்பதாக ஏற்பாடு. விமான நேரம் மாறிவிட்டதால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கக் கிளம்பிவிட்டார். கார் தெருவைச் சுற்றி வருவதற்குள் அப்பா பின்மதிலை ஏறிக் குதித்து, நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு பேட்டரி மெஷின் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். உள்ளே வந்தவர் அப்பாவைப் பார்த்துத் திகைத்து நின்றார். பேட்டரி முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. அப்பா கண்ணே இமைக்கவில்லை.

"காலையில நீங்க பார்த்தது எங்கண்ணன். நாங்க ரெட்டைப் பிள்ளைங்க" என்றார்.

வாக்கியம் வந்தது. அவள் அப்படியே அனுப்பினாள். வெளிநாட்டுக்காரர் குனிந்து அப்பாவின் கையைக் குலுக்கினார். அன்றைக்கு வீட்டில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு இரண்டு கம்பெனிக்கும் வருகிற கடிதங்களில் எல்லாம் கடைசி வரி ஒன்றாகவே இருந்தது. அண்ணனையும் தம்பியையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அந்த வெளிநாட்டுக்காரர் இன்று வந்திருக்கிறார். சாயங்காலம் கையெழுத்து.

தெருமுனையில் கம்பெனி ஆட்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். ஆறு மாதமாக இரண்டு கம்பெனியிலும் வாரத்தில் பாதி நாள்தான் வேலை. ஒயர் சுற்றும் பிரிவிலிருந்து ஒரு அக்கா வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "சைன் ஆயிடும்ல?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோமென்று உறைத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அக்காமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவள் மனசிலும் காலையிலிருந்து அதே கேள்வி முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது. அதற்காகத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இரண்டு முதலாளிகளும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். கேபிள் முதலாளி பெட்டிக்குள் பார்த்ததும் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினார். நடிப்பில்லை. மதியத்தில் ஸ்டோருக்குள் போய் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அவர். பேட்டரி முதலாளி அவர் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய்த் தாழ்ந்த குரலில் பிடிபிடியென்று பிடித்தார். அவளுக்கு எல்லாமே காதில் விழுந்தது. மொழிபெயர்ப்பாளர் ஏன் வரவில்லை என்று வெளிநாட்டுக்காரர் கேட்டிருக்கிறார். கேபிள் முதலாளி தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையையும் கையையும் வைத்து, அவள் எங்கள் சீஃப் இன்ஜினியருடைய மகள், அந்த அண்ணன் இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். உடனே அந்த மனிதர் எழுந்து நின்று, வீட்டுக்குப் போக வேண்டும் என்றிருக்கிறார். பூக்கடையில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்.

"நீங்க பாட்டுக்கு அண்ணனைச் சாகடிச்சுட்டீங்க" என்றார் பேட்டரி முதலாளி. "அண்ணன் செத்தா தம்பி வராம இருப்பானா? சாயங்காலம் புது லைனைத் தம்பிதான் காட்டுவார்னு புரோகிராம்ல அச்சடிச்சே குடுத்திருக்கேன் சார்."

"எனக்குத் தெரிஞ்சதே நாலு வார்த்தை. அதுல அண்ணன் ஒண்ணு. நான் என்ன செய்வேன்?"

அம்மாவின் தம்பி, தையல்கடைக்கார மாமா, அப்பாவின் தலைமாட்டில் நின்றிருந்தார். அவருக்கும் முடி நரைத்துவிட்டது. பேட்டரி முதலாளியின் பார்வை அவர்மேல் போய் நிலைத்தது. காரிலிருந்து நீலக் கோட்டு வந்தது. அத்தான் உயரமென்ன, நான் உயரமென்ன என்று மாமா கெஞ்சிப் பார்த்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கு நாமெல்லாம் ஒரே மாதிரிதான் தெரிவோம் என்றார் முதலாளி. மாமாவின் மகன் பேட்டரி கம்பெனியில்தான் வேலை பார்க்கிறான். மாமா கோட்டைக் கையில் வாங்கினார். பழக்கதோஷத்தில் தோள்பட்டைத் தையலை இழுத்துப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு மாட்டிக்கொண்டார். கோட்டுக் கை விரல்நுனி வரை தொங்கியது.

கேபிள் முதலாளி அவளிடம் வந்தார். "பாப்பா, நீ எதுவும் பேச வேண்டாம். தம்பி எங்கன்னு கேட்டா, இவர்தான்னு சொல்லு. ஒரே ஒரு வரி. எல்லார் பொழைப்பும் அதுல இருக்கு."

அம்மா அதுவரை அப்பாவின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே துடைத்தாள். தலை நிமிராமல் பேசினாள்.

"உயிரோட இருந்தப்ப அவரு யாரா வேணா நின்னாரு சார். நானும் சிரிச்சேன். இப்ப அவரு பக்கத்துல இன்னொரு ஆளு அவரு மாதிரி நிக்கறதை என்னால பார்க்க முடியாது. அப்படிச் சொன்னீங்கன்னா நான் எந்திரிச்சு உள்ள போயிடுவேன். வண்டி வந்து அவரைத் தூக்கினாக்கூட வெளிய வரமாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அம்மா சொன்னால் செய்வாள். மாமா கோட்டுப் பொத்தானைத் தடவியபடி தரையைப் பார்த்தார். அவள் வாசலுக்குப் போனாள், உள்ளே வந்தாள். தண்ணீர் குடித்தாள். குடித்த தம்ளரைக் கழுவி வைத்து, மறுபடியும் எடுத்துக் கழுவினாள். ஒரு வரி. சொன்னால் அம்மா உள்ளே போய்விடுவாள், அப்பா அம்மா இல்லாமல் புறப்பட வேண்டும். சொல்லாவிட்டால் தெருமுனையில் நிற்கும் அத்தனை பேர் முகத்திலும் எப்படி விழிப்பது? இவ்வளவு வம்பையும் இழுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கும் மனிதர்மேல் சட்டென்று கோபம் பொங்கியது. எழுப்பி நிறுத்திச் சண்டை போட வேண்டும்போல் இருந்தது. அவர் அதற்கும் மெதுவாகத் தலையாட்டியிருப்பார்.

கார் வந்து நின்றது. தெருமுனைக் கும்பல் தானாக வழிவிட்டது. வெளிநாட்டுக்காரர் நெட்டையாக, லேசாகக் கூன் விழுந்து, இரண்டு கையிலும் ஒவ்வொரு பூங்கொத்தோடு வந்தார். வாசற்படியில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தார்.

"நீங்கள் அவருடைய மகள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை" என்றார் அவளிடம், தம்முடைய மொழியில். அவள் தலையசைத்தாள். அவர் ஒரு பூங்கொத்தைப் பெட்டியின் கண்ணாடிமேல் வைத்தார். அப்பாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கையிலிருந்த மற்றதைக் காட்டினார்.

"இது தம்பிக்கு. அவர் எங்கே?"

மொழி தெரியாவிட்டாலும் பேட்டரி முதலாளிக்குக் கேள்வி புரிந்துவிட்டது. மாமாவின் முதுகில் கைவைத்து மெல்ல முன்னால் தள்ளினார். "இவர்தான்னு சொல்லும்மா."

வாக்கியம் வந்துவிட்டது. அம்மா அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு, தரையில் கையூன்றி எழுந்துகொண்டிருந்தாள்.

"இரண்டு பேரும் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறார்கள்" என்றாள் அவள்.

இத்தனை வருஷத்தில் அந்த மொழியில் அவள் சொந்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. இலக்கணம் சரிதானா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது.

"சொல்லிட்டியா?" என்றார் பேட்டரி முதலாளி.

"சொல்லிட்டேன் சார்."

வெளிநாட்டுக்காரர் மாமாவைப் பார்த்தார். தொங்குகிற கோட்டுக் கையைப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் அப்பாவின் கைகளைப் பார்த்தார். இடது கை மேலே இருந்தது. அவர் தம் இடது கட்டைவிரலை உயர்த்தி, மறுகை விரலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

"அண்ணனுக்கும் இதே இடத்தில். தம்பிக்கும் இதே இடத்தில்" என்றார். "தம்பிக்கு அன்று மூச்சு வேறு வாங்கியது. ஊருக்குப் போனதும் என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அண்ணனும் தம்பியும் எப்படி இருக்கிறார்கள் என்று அவள் இன்னும் கேட்கிறாள்."

"என்னம்மா சொல்றாரு?" கேபிள் முதலாளியின் குரல் கம்மியிருந்தது. "சாயங்காலம் வர்றாராமா?"

அவள் வாயைத் திறந்தாள். வந்த வாக்கியம் போகவில்லை.

"அப்பாவை அவருக்குத் தெரியுமாம்" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது பூங்கொத்தை முதலாவதை ஒட்டி வைத்தார். பாதி எழுந்த அம்மா மறுபடியும் உட்கார்ந்தாள். மாமா மேலிருந்து ஒவ்வொன்றாகக் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

பெட்டியின் கண்ணாடி வேர்த்திருந்தது. இரண்டாவது பூங்கொத்து அதன்மேல் நிற்காமல் மெல்லச் சரிந்தது. அவள் கையை நீட்டி அதைத் தடுத்தாள். எடுத்தால் மறுபடியும் சரிந்துவிடும்போல் இருந்ததால் கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டு, பெட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.