மாத்திரை போடாத எழுபது நாள்

டாக்டர் அறைக்குள் மாப்பிள்ளை மகாராஜா வந்துவிடக் கூடாது என்று கோவில்பட்டியில் காரில் ஏறியதிலிருந்து வேண்டிக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரருக்கு வயிற்றுப் புண் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். மகள் ப்ரியா கல்யாணம் முடிந்து இருபது நாள்கூட ஆகவில்லை. "நீங்க வண்டியிலயே இருங்க மாப்பிள்ளை" என்றால் கேட்கிற ஆளா மகாராஜா? ஸ்கேன் கவரைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் உள்ளே போய் நின்றார்.

டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். "குடல்ல இருக்கிற கட்டி வளர்ந்திருக்கு. ரெண்டு வருஷமா மாத்திரைக்கு அடங்கித்தான் கிடந்துச்சு."

என் வீட்டுக்காரர் சாமித்துரை பசுவந்தனையில் மக்காச்சோளம் போடுகிறவர். "ஒரே மருந்தை அடிச்சா படைப்புழு பழகிப்போவும்லா, அது மாதிரியா டாக்டர்?" என்று கேட்டார்.

"அதே மாதிரிதான். இதே மாத்திரையை ரெண்டு மடங்காக்கலாம். இல்ல, அடுத்த மாத்திரைக்குப் போகலாம். அதுல உள்ளங்கை, உள்ளங்கால் தோல் உரியும், பிரஷர் ஏறும். ஒரே இடத்துல வளர்ந்திருந்தா ஆபரேஷன் செய்யலாம், உங்களுக்கு நாலு இடத்துல இருக்கு. மாத்திரையை மாத்திரலாம்னு நினைக்கேன். தினமும் விடாமப் போட்டீங்கள்லா? விட்டிருந்தா மாத்திரை மேல தப்பில்ல."

"ஒரு நாள்கூட விடலை" என்றார் அவர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷன். எழுபது நாள் விட்டிருந்தார். விடச் சொன்னது நான். அந்த மாத்திரை போட்டால் கண்ணைச் சுற்றி இட்லி மாதிரி வீங்கும். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் பெரியம்மா, "அண்ணாச்சிக்கு முகம் ஏன் அதைச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டாள். நோயாளி வீட்டுப் பெண் என்று ஊர் வாயில் ஒரு சொல் விழுந்தால் போதாதா? பூ வைத்த நாளிலிருந்து மறுவீடு முடியும்வரை மாதாமாதம் வாங்கிய மாத்திரை அட்டைகளைப் பிரிக்காமல் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தேன். கல்யாணப் போட்டோவில் முகம் வற்றி ஆள் எடுப்பாக இருந்தார். எனக்கு அதில் பெருமை வேறு.

டாக்டரம்மா புது மாத்திரையை எழுதத் தொடங்கினார். என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. நோய்க்குக் கேட்கிற மாத்திரையை என் பொய்க்காகத் தூக்கிப் போடப் போகிறார்கள்.

"விட்டிருக்கு டாக்டர். எழுபது நாள்" என்றேன். "கல்யாணத்துல முகம் நல்லா இருக்கணும்னு நான்தான் நிப்பாட்டச் சொன்னேன். போன வாரம்தான் திரும்பப் போட ஆரம்பிச்சாவ."

"ஏட்டி செல்வி, சும்மா இரு" என்றார் அவர்.

டாக்டரம்மா எழுதியதை அடித்தார். "அப்ப மாத்த வேண்டாம். இதையே ஒரு நாள் விடாமப் போடுங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஸ்கேன் பார்ப்போம். கேட்கலைன்னா அடுத்ததுக்குப் போவோம். விட்ட நாள்ல கட்டி என்ன செஞ்சு வச்சிருக்குன்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

நான் மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். "மறைச்சது என் தப்பு. ப்ரியாவை ஒண்ணும் சொல்லிராதீங்க."

மகாராஜா என் பக்கம் குனிந்தார். "என்னத்த மறைச்சீங்க அத்தை? மாமாவுக்குக் கேன்சர்னு பொண்ணு பாக்க வந்த அன்னிக்குச் சாயங்காலமே ப்ரியா போன்ல சொல்லிட்டா. எங்க வீட்ல எல்லாத்துக்கும் தெரியும். கல்யாணத்துல மாமா முகம் வத்தினதைப் பாத்துட்டு, குணமாயிட்டுன்னு பெரியம்மா கோயில்ல பொங்கல் வச்சாவ."

அழுதிருக்க வேண்டும். அழுகை வரவில்லை. மாப்பிள்ளை சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக்கடைப் பக்கம் நடந்தார்.

"வாங்க வேண்டாம் மாப்பிள்ளை" என்றேன். "வீட்ல அரிசிப் பானைக்குள்ள எழுபது மாத்திரை இருக்கு."