சுருளாத இலை

உச்சி வெயிலில் சுருட்டையின் இலைகள் விரிந்து நிற்பதைப் பார்த்ததும் அவள் அவசரமாகப் பாத்திக்குள் இறங்கினாள்.

அந்தக் கோதுமை ரகத்தை உருவாக்கி, அதற்குச் சுருட்டை என்று செல்லப்பேர் வைத்தவளே அவள்தான். வெயில் ஏறினால் இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் ஈரத்தை விடாப்பிடியாகக் காக்கும். பொழுது சாய்ந்தால் விரித்துக்கொள்ளும். அப்படிக் காத்த ஈரத்தில்தான் கதிர் மணி பிடிக்கும். கதிர் விட்ட பிறகு இந்தப் பாத்திகளுக்குச் சொட்டுத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது சோதனையின் சட்டம். இன்றைக்குத் தேர்வுக் குழு தலையாட்டினால் சுருட்டை விவசாயிகள் கைக்குப் போகும். இல்லையென்றால் பல வருஷப் பாடு மண்ணோடு மண்.

குழுத் தலைவர் குனிந்து பார்த்தார். எதையும் லேசில் மெச்சாத மனுஷர்.

"பக்கத்துப் பாத்தியெல்லாம் தொங்கிப்போச்சு. இது மட்டும் இந்த வெயில்லயும் எப்படி நிக்குது பாருங்க! பேசாம எடுத்துக்கலாம்மா."

மேல்மண் காய்ந்துதான் இருந்தது. அவள் விரலை உள்ளே அழுத்தினாள். அடியில் சில்லென்று ஈரம்.

வரப்பில் நின்ற கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல். மோட்டார் பார்ப்பவன் அவன்தான். அருகில் போய்க் கிசுகிசுத்தாள்.

"தண்ணி விட்டியா?"

"முந்தாநேத்து, அண்ணி. நீங்க ஊர்ல இல்ல. மத்தியானம் பார்த்தா சுருண்டு கிடக்குது. பெரியவங்க வர்ற நேரத்துல உங்க மானம் போயிடக் கூடாதுல்ல?"

தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார். வாயை மூடிக்கொண்டால் போதும். சுருட்டை நல்ல ரகம் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் சுருளாத ரகம் என்று இன்று எழுதிவிட்டால், நாளைக்கு யாரோ ஒரு விவசாயி சுருண்ட இலையைக் கண்டு பதறி ஓடிப்போய் மோட்டாரைப் போடுவார், கொழுந்தனைப் போலவே.

"ஐயா, எழுதாதீங்க. இது தண்ணி குடிச்ச பயிர். குடிக்கலைன்னா இந்நேரம் சுருண்டிருக்கணும்."

"யார் விட்டது?"

கொழுந்தன் பேசுமுன் அவளே பதில் சொன்னாள்.

"என் பாத்தி, ஐயா. பொறுப்பு என்னோடது."

"சோதனை கெட்டா ரகம் போச்சு. தெரியுமில்ல?"

"தெரியும்."

தலைவர் பேனாவை மூடினார். குழு அடுத்த பாத்திக்கு நகர்ந்தது.

கொழுந்தன் தயங்கித் தயங்கி வந்தான். "வாடிக் கிடந்துச்சே, அண்ணி..."

"வாடலடா. சேர்த்து வச்சுக்கிட்டிருந்துச்சு."

நன்றாகத் திட்டத்தான் வாயெடுத்தாள். அழுகை முந்திக்கொண்டது.