பதினொன்று இருபதுக்கான கட்டம்

...ஒரே ஒரு வரிதானே, எழுதித் தொலைத்தால் முடிந்தது, பேனாவைக் கையில் திணித்துவிட்டு சூப்பர்வைசர் எதிரிலேயே நிற்கிறான், நல்லவன்தான், இவள் கணவர் செத்த அன்று வீட்டுக்கு வந்து நாற்காலியெல்லாம் எடுத்துப் போட்டவன், "அக்கா, அன்னைக்குப் பதினொன்னு இருபது இடைவேளை மட்டும் காலியா இருக்கு, நாளைக்குத் தணிக்கைக்கு வராங்க, கண்ணுக்கு ஓய்வு கொடுத்தேன்னு எழுதி, இன்னைக்குத் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க" என்கிறான், அவனுக்கென்ன தெரியும்... ஊசி மருந்துக் குப்பியைக் கழுத்தில் பிடித்து லேசாகச் சுழற்றி, வெள்ளைப் பலகை முன்னால் ஐந்து எண்ணும் வரை, கறுப்புப் பலகை முன்னால் ஐந்து எண்ணும் வரை, தூசியா, நாரா, கண்ணாடிச் சில்லா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார வேண்டும், பதிவேட்டில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு. அன்றைக்கு மூடினாளா என்ன? ஓய்வறையில் கைபேசித் திரையில் கணவர் பெயர் வந்து வந்து போனதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள், அடிக்கட்டும், நன்றாக அடிக்கட்டும் என்று... காலையில் ஈரத்துண்டை மெத்தையில் போட்டதற்காக, போட்டது மட்டுமா, "காஞ்சுட்டுப் போகுது, இதுக்கெல்லாமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவே" என்று சிரித்ததற்காக. மூன்றாவது தடவை அடித்தபோது கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பதினொன்றரைக்கு ஏதோ விழுந்த சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்தபோது உயிர் இல்லை, மாரடைப்பு என்றார்கள். ஒரு ஈரத்துண்டுக்காக, பாவி, ஒரு ஈரத்துண்டுக்காக.

நாத்தனார் அழுதுகொண்டே கேட்டாள், "அண்ணன் கூப்பிட்டப்போ எங்க இருந்தீங்க அண்ணி?" என்று, "வேலையில இருந்தேன்மா, போனைப் பாக்கல, ஆனா காலையிலேர்ந்தே மனசு கிடந்து அடிச்சுக்கிச்சு, கையும் ஓடல காலும் ஓடல" என்று வாய் கூசாமல் சொன்னாள், பிறகு வந்தவர் போனவருக்கெல்லாம் அதையே சொல்லி, சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள், இந்த இரண்டு மாதமாக அதைப் பிடித்துக்கொண்டுதானே எழுந்து பல் விளக்கி வேலைக்கு வருகிறாள், எடுக்கத்தான் இல்லை, மனசுக்காவது தெரிந்ததே என்று... காலிக் கட்டத்துக்குக் கீழே கண் போகிறது, போகாமலிருந்திருக்கலாம். பதினொன்று இருபத்தைந்து, பதினேழாம் தட்டு, கழித்த குப்பிகள் நான்கு. பதினொன்று முப்பது, பதினெட்டாம் தட்டு, கழித்தவை ஏழு, குறிப்பு: மயிரிழை நார் ஒன்று. அடித்தல் திருத்தல் இல்லாத, அவளுடைய அழகான கையெழுத்து. கையும் காலும் ஓடாதவள் எழுதியதா இது? அந்த நார்... ஆமாம், கறுப்புப் பலகை முன்னால் ஒரு கணம் வந்து மறைந்தது, இயந்திரமே தவறவிடும் என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் தூக்கிக் காட்டினாள், "உன் கண்ணா, கழுகுக் கண்ணா?" என்று அவள் கேட்டாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். பதினொன்றரைக்கு. அவர் அங்கே விழுந்தபோது இவள் இங்கே சிரித்துக்கொண்டிருந்தாள், மனசு எதற்கும் அடித்துக்கொள்ளவில்லை, சந்தோஷமாகக்கூட இருந்தது.

"என்னக்கா, எழுதிட்டீங்களா?" என்கிறான் சூப்பர்வைசர்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வருகிறாள், மறுபடியும் அந்த நாளைப் பற்றித்தான் கேட்பாள்.