அரியர் உள்ளவர்களின் ஆயுள்

அந்தப் பார்மசி கல்லூரியில் அரியர் வைத்திருந்த மாணவர் எவரும் இறந்ததில்லை. ஒரு தாளில் தோற்று, அதை மறுபடி எழுத வேண்டியவரைத்தான் அரியர் வைத்திருப்பவர் என்பார்கள். அப்படிப்பட்டவர் ஒரே தாளில் தோற்றிருந்தாலும் சரி, ஒன்பது தாளில் தோற்றிருந்தாலும் சரி, சாவு அவரை அண்டவில்லை. கல்லூரி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இது தெரியவந்தது. விடுதியின் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து விழுந்த பையன் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, செருப்பில் ஒன்று எங்கே போயிற்று என்று கேட்டான். அவனுக்கு மூன்று அரியர். மருந்துத் தொழிற்சாலையைப் பார்க்கப் போன பேருந்து பாலத்தின் கைப்பிடியை உடைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கியபோது, ஓட்டுநரும் ஆசிரியரும் நீந்திக் கரையேறினார்கள்; நீச்சல் தெரியாத வகுப்பு மொத்தமும் சொட்டச் சொட்ட நனைந்து பின்னாலேயே வந்து சேர்ந்தது, வகுப்பில் முதலாவதாக வரும் மாணவி ஒருத்தியைத் தவிர. அவள் மட்டும்தான் எல்லாத் தாளிலும் தேறியிருந்தாள். இரங்கல் கூட்டத்தில் முதல்வர் அவளுடைய மதிப்பெண்களைப் படிக்கப் படிக்க, அரங்கில் இருந்தவர்களுக்கு விஷயம் பிடிபட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு, சுற்றுலாவுக்கு முந்தைய தேர்வில் நன்றாகப் படிக்கிறவர்கள் ஒரு தாளில் தோற்று வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. ஆசிரியர்களும் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

பல்கலைக்கழகம் ஒரு குழுவை அனுப்பியது. குழுவினர் ஆய்வகங்களைச் சுற்றிப் பார்த்தார்கள், தேநீர் குடித்தார்கள், விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். தேறாத தாள் உள்ள மாணவர், அதில் தேறும் வரையிலோ, படிப்புக் காலத்தைப் போல இரு மடங்கான எட்டு ஆண்டுக் கெடு முடியும் வரையிலோ பதிவேட்டில் நீடிப்பார் என்று விதி சொன்னது. விலக்கு எதையும் அது சொல்லவில்லை. அதை எழுதியவர்கள் வருகைப்பதிவையும் அகமதிப்பீட்டையும் நினைத்த அளவுக்குச் சாவை நினைக்கவில்லை. மற்றக் கல்லூரிகளும் இதே புத்தகத்தைத்தான் வைத்திருக்கின்றன, அங்கெல்லாம் மாணவர்கள் ஒழுங்காகச் செத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். இங்கே விதிகளைக் கொஞ்சம் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறோம் என்றார் முதல்வர். மாணவர் நலனுக்குக் கேடு ஏதுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் குழு ஊர் திரும்பியது.

கல்லூரியை ஒட்டியிருந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் ஒரு பெண் வேலை பார்த்தாள். கணவன் இல்லை. ஒரே மகள். வீட்டில் அவளைப் பாப்பா என்றே கூப்பிடுவார்கள். கல்லூரிக்குப் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. சிறு வயதில் வந்த காய்ச்சல் பாப்பாவின் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அறுவை சிகிச்சைக்கு அந்த இதயம் தாங்காது, இருபதைத் தாண்டினால் அதிசயம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். பாப்பாவோ படிப்பில் கெட்டிக்காரி. பள்ளி முடித்ததும் அவள் வேதியியல் படிக்கப் போவதாகச் சொன்னபோது, அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பார்மசிதான் என்று ஒரே பிடியாக நின்றாள். காரணத்தை முதலாண்டுத் தேர்வு வரைக்கும் சொல்லவில்லை. தேர்வுக்கு முந்தைய வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். “ஒரே ஒரு பேப்பர விட்டு வை கண்ணு. மத்ததுல எத்தன மார்க் வேணும்னாலும் வாங்கிக்கோ.”

பாப்பா மருந்துப் பகுப்பாய்வுத் தாளைத் தேர்ந்தெடுத்தாள். அதில் தோற்பது யாருக்கும் அவமானமில்லை. அந்தத் தாளைத் திருத்துகிற பேராசிரியைக்குத் துளி மேடம் என்று பெயர். ஆய்வகத்தில் பியூரெட் குழாயிலிருந்து அமிலம் விழுகிற மாதிரி, மதிப்பெண்ணைத் துளித் துளியாகத்தான் விடுவார். அரை மதிப்பெண்ணில் தோற்றவர்கள் ஊரெங்கும் இருந்தார்கள், எல்லாரும் அவரைச் சபித்தார்கள். ஆனால் பாப்பாவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. வேண்டுமென்றே தப்பாக எழுத அவளுக்குக் கை வரவில்லை. மருந்து விஷயத்தில் தப்பான ஒரு அளவைத் தாளில் எழுதுவதுகூட யாருக்கோ அதைக் கொடுத்துவிட்ட மாதிரி அவளுக்கு இருந்தது. ஆகவே ஒரு கேள்விக்கு மட்டும் சரியான விடை எழுதிவிட்டு, பேனாவை மூடி, வெளியே விடும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு பருவமும் அப்படியே நடந்தது.

இருபது வயது வந்தது, போயிற்று. இதயம் சொன்னபடி நின்றது, ஒரு தடவை அல்ல, பல தடவை. அவசரப் பிரிவில் திரையில் கோடு நேராக ஓடும். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, “அரியரா?” என்று கேட்பார். அம்மா தலையாட்டுவாள். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். சற்று நேரத்தில் பாப்பா எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பாள். நீல நிற உதடு மெல்ல நிறம் மாறும். அம்மா அந்தக் கட்டிலின் விரிப்பைத் தானே உருவிச் சலவைக்கு எடுத்துக்கொண்டு போவாள்.

ஒரே ஒரு முறை காரியம் கெடப் பார்த்தது. அந்த வருடம் வந்த கேள்வி பாப்பாவுக்கு மிகவும் பிடித்தமானது. தன்னை மறந்து இரண்டு மூன்று விடைகள் எழுதிவிட்டாள். ஒரே தாளில், அதுவும் சில மதிப்பெண்ணில் மட்டும் தோற்பவருக்குக் கருணை மதிப்பெண் போட்டுத் தேற வைக்கலாம் என்று விதியில் இருந்தது. சேதி கேட்ட அம்மா சலவைக்கூடத்திலிருந்து அப்படியே தேர்வுப் பிரிவுக்கு ஓடினாள். கருணை காட்ட வேண்டாம் என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “மார்க் போடச் சொல்லி அழுவாங்க, பாத்திருக்கேன். போடாதீங்கன்னு அழற மொத ஆளு நீங்கதாம்மா.” கடைசியில் கருணையின் எல்லைக்கும் அரை மதிப்பெண் குறைந்திருந்தது. துளி மேடம் அதை விடவில்லை. ஊரே சபிக்கிற அந்தப் பேராசிரியை இருந்த திசையைப் பார்த்து அம்மா கும்பிட்டாள்.

கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போனார்கள். சிலர் அதே கல்லூரிக்கு ஆசிரியராகத் திரும்பி வந்து, பாப்பா எழுதும் தேர்வறையிலேயே கண்காணிப்பாளராக நின்றார்கள். அவளைப் பார்த்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தாளை எண்ணுவார்கள். அவள் ஒரு மருந்துக்கடையில் உதவிக்கு நின்றாள். பட்டம் இல்லாததால் பார்மசிஸ்டாகப் பதிவு செய்ய முடியாது. மருந்தை எடுப்பாள், சரிபார்ப்பாள், பிறகு கடைக்காரர் முன்னால் நகர்த்துவாள். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அவர் சாப்பிடப் போயிருந்தால், “கையெழுத்துப் போடறவங்க எப்பம்மா வருவாங்க?” என்று வந்தவர்கள் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அவள் எத்தனையோ பேருக்கு “இப்ப வந்துடுவாரு” என்ற பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

எட்டாவது ஆண்டு நெருங்கியதும் அம்மா பல்கலைக்கழகத்துக்கு நடையாய் நடந்தாள். கெடு முடிந்து பதிவேட்டிலிருந்து பெயரை அடித்தால் பாப்பாவின் கதை அன்றைக்கே முடிந்துவிடும். பதிவாளர் அறைக்கு வெளியே இருந்த மர பெஞ்சில் அவள் உட்கார்ந்த இடம் தேய்ந்து பளபளத்தது. விதியில் இடமில்லை என்றார்கள். இடம் பண்ணுங்கள் என்றாள். துணைவேந்தரின் கார் வரும்போதெல்லாம் எழுந்து நின்றாள். ப்ளீச்சிங் பவுடரில் வெந்து வெளுத்துப்போன அந்தக் கைகளை அவர் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் கல்விக் குழு கூடியது. அரியர் உள்ளவர்கள் காலவரம்பின்றித் தேர்வு எழுதலாம் என்று விதி திருத்தப்பட்டது. அம்மா வீட்டுக்கு வந்து சேதியைச் சொல்லிவிட்டு, வெறுந்தரையில் படுத்துத் தூங்கிப்போனாள். பாப்பா பிறந்த நாளிலிருந்து அவள் அப்படித் தூங்கியதில்லை.

விழித்தபோது பாப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“இந்தத் தடவ முழுசா எழுதப் போறேம்மா.”

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து உட்கார்ந்தாள். “என்னடி பேசற? இப்பத்தானே கெடுவே இல்லன்னு வாங்கிட்டு வந்தேன்.”

“அதாம்மா பயமா இருக்கு. கெடு இருந்தப்ப, எப்படியும் ஒரு நாள் இது முடியும்னு இருந்தேன். இனிமே கெழவியானாலும் அந்த ஹால்ல போயி கையக் கட்டிட்டு உக்காரணும்.”

“உசுரோட இருக்கறது போதாதா உனக்கு?”

“இருக்கேன். இருக்கறதத் தவிர வேற ஒண்ணும் பண்ணலம்மா.”

அன்று அவர்கள் சாப்பிடவில்லை. அம்மா திட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு மகளின் காலைப் பிடித்தாள். பாப்பா காலை இழுத்துக்கொண்டு அழுதாள். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

தேர்வு முடிந்த மறுநாள் அம்மா துளி மேடத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள். விடைத்தாளில் பெயர் வராது, எது யாருடையது என்றே தெரியாது என்றார் மேடம். “தெரியும்ங்க. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் எழுதிட்டு வெச்சிடுவா. ஏழு வருசமா எம்பொண்ண நீங்கதான் காப்பாத்திட்டு வந்தீங்க. இந்தத் தடவ முழுசா எழுதிட்டாளுங்க, இந்த ஒரு தடவயும் காப்பாத்திடுங்க.” துளி மேடத்துக்கு அந்த விடைத்தாள் நினைவுக்கு வந்தது. ஒரு விடை மட்டும் அத்தனை அழகாக எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விடும் அந்தக் கையெழுத்துக்காரியை, பாதியில் பயந்துபோகிற மக்குப் பெண் என்று இத்தனை ஆண்டும் அவர் நினைத்து வந்திருந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா போன பிறகும் கதவைச் சாத்த மறந்திருந்தார்.

திருத்தும் கூடத்தில் அந்தத் தாள் அவர் கைக்கே வந்தது. அதே கையெழுத்து, இந்த முறை கடைசிப் பக்கம் வரை. அவர் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, இன்னொரு முறை வெளியே போனார். குறைப்பதற்கு அவருக்குத் தெரியாத வழியில்லை. இங்கே ஓர் அலகு, அங்கே ஒரு சமன்பாடு என்று வாழ்நாளெல்லாம் குறைத்தவர்தான். அந்தத் தாளில் குறைக்க ஒன்றும் இல்லை. இருப்பதை இல்லை என்று எழுத அவருக்கும் கை வரவில்லை. அழுதுகொண்டே மதிப்பெண் போட்டார். அந்தக் கல்லூரியில் அவர் அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் அவ்வளவு போட்டதில்லை.

முடிவு வந்த நாளில் பாப்பாவின் இதயம் நிற்கவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கு விதி ஏதும் இல்லை. அம்மா மட்டும் அவளுடன் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பாப்பா பட்டம் வாங்கி, பதிவு செய்து, அதே மருத்துவமனையின் மருந்து வழங்கும் ஜன்னலில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே இரண்டு ஜன்னல்கள் இருந்தன. அம்மா தன் பிரஷர் மாத்திரையை அடுத்த ஜன்னலில் வாங்கினாள். வாங்குவாளே தவிர, நினைத்தால் போடுவாள், மறந்தால் விட்டுவிடுவாள். மகளின் ஜன்னலில் வரிசை எப்போதும் நீளமாக இருந்தது, ஏனென்றால் பாப்பா ஒவ்வொருவருக்கும் நிதானமாகச் சொல்லுவாள், புரிந்ததா என்று கேட்பாள், கையெழுத்தைப் போட்டுவிட்டு அதை ஒரு கணம் பார்ப்பாள்.

மழை தொடங்கிய ஒரு காலையில் அம்மா அந்த நீண்ட வரிசையில் போய் நின்றாள். அவள் முறை வந்தபோது பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். மற்றவர்களைக் கேட்பது போலவே பெயரைக் கேட்டாள். அம்மா சொன்னாள். பாப்பா மாத்திரை அட்டையை எடுத்து, சரிபார்த்து, கையெழுத்துப் போட்டாள்.

“காலைல ஒண்ணு, சாப்பிட்ட அப்புறம். தெனமும் ஒரே நேரத்துக்குப் போடணும். நல்லா இருக்குன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. புரிஞ்சுதாங்கம்மா?”

“புரியல,” என்றாள் அம்மா. “இன்னொரு தடவ சொல்லு.”

பாப்பா இன்னொரு தடவை சொன்னாள். அம்மா மறுபடியும் புரியவில்லை என்றாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பாப்பா அவசரப்படாமல் மூன்றாவது தடவையும் முதலிலிருந்து சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அந்த வரிசையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். அம்மா மாத்திரையை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். அன்று மாலை இருவரும் ஒன்றாக வீட்டுக்கு நடந்து போனார்கள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் பாப்பா இறந்துபோனாள். மருத்துவர் இந்த முறை எதுவும் கேட்கவில்லை. கட்டில் விரிப்பை அம்மாவே உருவினாள்.

கல்லூரி இன்றும் நடக்கிறது. அரியர் உள்ளவர்கள் அங்கே இறப்பதில்லை. சேர்க்கை நேரத்தில் நோயாளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியூர்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள், அவர்களுக்காகச் சக்கர நாற்காலிப் பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். சலவைக்கூடத்துப் பெண்ணுக்கும் வயதாகிவிட்டது. காலையில் சாப்பிட்டதும், கையில் எந்த வேலை இருந்தாலும் அப்படியே வைத்துவிட்டு, ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறாள். அவளுக்குப் பிரஷர் இப்போது கட்டுக்குள் இருக்கிறது.