மாமாவுக்கு எள்ளுத்தண்ணீர்

என் மகன் நிருஷனுக்கு ஒன்பது மாதம் நடந்தபோது, அவனுக்குக் கடல் காட்டவேண்டும் என்ற வியாதி எனக்குப் பிடித்தது. வியாதிக்குக் காரணம் ஒரு படம். பருப்புச் சுற்றி வந்த கடதாசி ஏதோ வெளிநாட்டுச் சஞ்சிகையின் பக்கம். அதில் ஒரு வெள்ளைக்காரன், ஒரு வெள்ளைக்காரி, நடுவில் தொப்பி போட்ட குண்டுக் குழந்தை, பின்னால் நீலக் கடல். மூன்று பேரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்குப் பல் இல்லாததால் வெறும் பல்முரசைக் காட்டியது.

நானே கடலைப் பார்த்ததில்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா மாயாண்டி என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தவர். இருபது வருடம் மற்றவர்கள் வயலில் குனிந்தே இருந்துவிட்டு, மலேரியா வந்து, மருந்து வராமல், முந்தின வருடம் செத்துப்போனார். அம்மா அதற்கும் முன்னமே போய்விட்டாள். அவர்களுக்கு நான் ஒரே பிள்ளை. கொள்ளி வைக்கவும் ஆண்பிள்ளை இல்லை.

என் புருஷன் விஜிதரன் ஒட்டுசுட்டான் சங்கக்கடையில் கிளாக்கர். அவருடைய ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முத்தையன்கட்டில் காணி எடுத்து நெல் விதைத்தவர்கள். என்னைக் கட்டியதும் அவருடைய அப்பா ஐயாத்துரை ஊர் கேட்க ஒரு வசனம் சொன்னார். "தோட்டக்காட்டுப் பெட்டையைக் கூட்டிக்கொண்டு போனவன் எனக்கு மகன் இல்லை. அவனை நான் தலைமுழுகிட்டன்." சொன்னதோடு நிற்கவில்லை. கிணற்றடிக்குப் போய் உண்மையாகவே இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றினாராம். தடிமன் பிடித்து மூன்று நாள் படுத்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டு நான் ஆறுதலடைந்தேன்.

முத்தையன்கட்டு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆனாலும் இரண்டு வருடமாக அவர் வரவில்லை. பேரப்பிள்ளை பிறந்தும் வரவில்லை. "எனக்கு அந்த மனுசன் தேவையில்லை" என்பார் விஜி. சொல்லி வாய் மூடுமுன் றோட்டில் ஒரு சைக்கிள் மணி கேட்டால் போதும், வேலிக்கு மேலால் கழுத்து நீளும். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, "இவன்ர காதைப் பார், அப்பான்ர காது" என்பார். அந்தக் காதை ஒருதரம் அப்பாவிடம் காட்டிவிட்டால் இந்த மனிதருக்கு நிம்மதி வரும். எனக்கும் வேலியைப் பார்க்காத ஒரு புருஷன் கிடைப்பான். எனக்கு அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆடி மாதம் சங்கக்கடைக்கு மூன்று வாரமாகச் சாமான் வரவில்லை. இல்லாத சீனியை நிறுத்துக் கொடுக்க இத்தனை பேர் தேவையில்லை என்று மனேச்சர் விஜிக்கு இரண்டு நாள் லீவு கொடுத்தார். முள்ளிவாய்க்காலில் கணபதி என்று ஒரு மீன்பிடிகாரர். எங்கள் பக்கம் கருவாடு கொண்டுவரும்போதெல்லாம், "ஒருக்கா எங்கட பக்கம் வாங்கோவன்" என்பார். வாய்க்கு வந்த உபசாரம்தான். அதை நாங்கள் அப்படியே பிடித்துக்கொண்டோம்.

விடிய முதலே வெளிக்கிட்டோம். எங்கள் இரண்டு பேருடைய மாற்றுடுப்பு ஒரு சின்னப் பை. பிள்ளையுடையது மூன்று பை. பழைய சேலையைக் கிழித்த துண்டுகள் பத்து, நுளம்பு வலை, அரிசிமா டப்பா, கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தல், கண்ணூறு படாமலிருக்க வசம்பு, ஒரு கறுப்புக் குடை. சைக்கிளின் முன்னால் பைகள், பின்னால் நான், என் மடியில் அவன். படத்திலிருந்த வெள்ளைக்காரி இதையெல்லாம் எங்கே வைத்திருந்தாள் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனேன்.

புதுக்குடியிருப்புக்குப் பிறகு றோட்டெல்லாம் சைக்கிள். கிழவர், இளந்தாரி, எல்லோரும் கடல் பக்கமாகத்தான் மிதித்தார்கள். விஜிக்குச் சந்தோஷம் பொங்கியது.

"பாத்தியே ஜெகதீஸ்வரி? சனமெல்லாம் கடலுக்குத்தான் போகுது. எங்களுக்குத்தான் இவ்வளவு நாளும் புத்தி வரேல்ல."

எங்கள் வீட்டில் தொங்கியது தொண்ணூற்றைந்தாம் ஆண்டுக் கலண்டர். முருகன் படம் வடிவாக இருந்ததால் கழற்றவில்லை. பொருளாதாரத் தடைக்குள் புதுக் கலண்டர் தேடி யார் அலைவது?

கடலைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு தண்ணீர், ஒரு வாய் குடிக்க உதவாது. நிருஷன் முதல் அலையைப் பார்த்ததும் கத்திய கத்தில் வாடிக் கொட்டிலில் வலை பிரித்துக்கொண்டிருந்த கணபதி எழும்பி ஓடிவந்தார். இரண்டாவது அலைக்குப் பிறகு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து மண் தின்றான். வாயைத் தோண்டி எடுத்தால் மற்றக் கை மண்ணை உள்ளே தள்ளியது. சேலைத்துண்டு மாற்றப் பார்த்தால் உடம்பின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒரு கைப்பிடி மண். துடைத்தால் சிவந்தது, கழுவினால் உப்பு எரிந்து அலறினான். குடையைக் காற்றுப் பிடுங்கிக்கொண்டு போனது. இதைப் படம் பிடித்துச் சஞ்சிகையில் போட்டிருந்தால் ஒரு குடும்பமும் கடற்கரைக்குப் போயிராது.

அழுது களைத்து அவன் என் தோளில் நித்திரையான பிறகுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். வந்த சனத்தில் ஒருவரும் விளையாடவில்லை. ஆம்பிளைகள் ஈர வேட்டியோடு வரிசையில் நின்றார்கள். மணலில் ஐயர் ஒருவர் தர்ப்பையும் எள்ளும் வைத்துக்கொண்டு இருந்தார்.

"இண்டைக்கு ஆடி அமாவாசையெல்லோ, தங்கச்சி" என்றார் கணபதி. "நீங்களும் அதுக்குத்தான் வந்தனீங்கள் எண்டு நினைச்சன்."

செத்துப்போன தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தீர்த்தமாடும் நாள். தகப்பன் உயிரோடிருப்பவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான். நாங்கள் பிள்ளையோடு உல்லாசப் பயணம் வந்திருந்தோம்.

எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் என்ன, அழுகையே வந்தது. அந்த மனிதருக்கு ஒரு கை தண்ணீர் விட இந்த உலகத்தில் ஆள் இல்லை.

"என்னங்க, மருமகனும் விடலாந்தானே? எங்க அப்பாவுக்கு நீங்க போய் விட்டுட்டு வாங்க" என்றேன். நான் ஊருக்குள் வன்னிக் கதை கதைப்பேன். அழுகை வந்தால் மலைநாடு வந்துவிடும்.

விஜிக்குச் சாமி பூதத்தில் நம்பிக்கையில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றார். ஐயருக்கு அன்றைக்கு நூறு பேரைக் கரையேற்ற வேண்டிய அவசரம். தர்ப்பையை விரலில் மாட்டிவிட்டு, நிமிர்ந்தும் பாராமல் கேட்டார்:

"தகப்பன் பேர்?"

"ஐயாத்துரை."

வன்னியில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். நிவாரணப் பதிவில் தகப்பன் பெயர். வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுக்கப் போனால் தகப்பன் பெயர். ஆஸ்பத்திரித் துண்டில் தகப்பன் பெயர். அந்தக் கேள்விக்கு மூளை வேலை செய்வதில்லை, வாய்தான் வேலை செய்யும். நான் பிள்ளையோடு ஓடிப்போவதற்குள் ஐயர் மந்திரத்தைத் தொடங்கி, ஐயாத்துரைக்கு எள்ளுத்தண்ணீர் விட்டு, பிண்டத்தைக் கரைத்து, விஜியைக் கடலில் மூன்று முறை தாழ்த்தி எழுப்பி அனுப்பிவிட்டார்.

"எங்க அப்பா பேரு மாயாண்டி! உங்க அப்பா உசிரோட இருக்காரு!"

"தெரியும். சொல்லிப்போட்டுத்தான் தெரிஞ்சுது. பிறகு அந்த ஐயரை நிப்பாட்ட எனக்கு வெக்கமாக் கிடந்தது."

ஐயரிடம் சொன்ன பேரைக் கேட்டிருந்த, அலைச் சத்தத்தில் நாங்கள் கதைத்தது கேளாத ஒருவர் வரிசையில் அடுத்தவராக நின்று வாயைப் பிளந்தபடி விஜியைப் பார்த்தார். வீரகத்தி என்று மாமா ஐயாத்துரையின் பழைய சிநேகிதர். கனகராயன்குளத்திலிருந்து இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்பில் இருந்தவர், மாமாவைக் கண்டு எட்டு மாதமாகியிருக்கும். விஜி அவருக்கு விளக்கம் சொல்லப்போவதற்குள் ஐயர் அவரை இழுத்து இருத்திவிட்டார். இந்த நேரம் பார்த்து நிருஷன் எழும்பி, தின்ற மண் முழுவதையும் என் தோளில் சத்தியெடுத்தான். அவனைக் கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால் வீரகத்தியைக் காணவில்லை.

அன்றிரவு கணபதி வீட்டில் தங்கிவிட்டு, அடுத்த நாள் காலை திரும்பினோம். பிள்ளையின் மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது. ஒட்டுசுட்டான் சந்தியில் தேத்தண்ணிக் கடை பத்மாசனியக்கா எங்களைக் கண்டதும் குறுக்கே வந்து சைக்கிளைப் பிடித்தா.

"ஐயோ தம்பி, அப்பா மோசம் போயிட்டாராமே! வீரகத்தியண்ணை விடியவே அழுதுகொண்டு இதால முத்தையன்கட்டுக்குப் போனவர்."

விஜியின் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதை நான் கண்டேன். கடவுள் இல்லை என்று கலியாணத்தன்றைக்கும் வாதாடிய மனிதர், "ஜெகதீஸ்வரி, நான்தான்... நான் விட்ட தண்ணிதான்..." என்று வாய் குழறி, சைக்கிளை முத்தையன்கட்டுப் பக்கம் திருப்பினார்.

வீரகத்தி என்ற பெயரைக் கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. செத்தது ஒருவருமில்லை. முந்தின நாள் எங்கள் வாயிலிருந்து கிளம்பிய கதை சுற்றிக்கொண்டு எங்களிடமே வந்திருக்கிறது. ஒரு சொல் சொன்னால் போதும், விஜி சிரித்திருப்பார். சைக்கிளும் வீட்டுக்குத் திரும்பியிருக்கும். பிறகு இன்னும் இரண்டு வருடம் வேலி பார்ப்பார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். என் புருஷன் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டு மிதிக்க, நான் பின்னால் பிள்ளையின் மூக்கில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு போனேன். பாவம்தான். இரண்டு தரம் சொல்ல வாயெடுத்து இரண்டு தரமும் விழுங்கினேன். இன்றைக்கும் அதற்காக நான் வெட்கப்படவில்லை.

மாமா வீட்டு முற்றத்தில் இருபது பேர் நின்றார்கள். நடுவில் ஒரு கதிரையில் வீரகத்தி தலையைக் குனிந்துகொண்டு, மாட்டிக்கொண்ட கள்ளன் மாதிரி இருந்தார். மாமி சிவனேஸ்வரி நெற்றியில் முழு நிலவளவு குங்குமம் வைத்துக்கொண்டு, வந்தவர்கள் எல்லோருக்கும் முகத்தைக் காட்டியபடி நின்றா. விஜி இதொன்றையும் பார்க்கவில்லை. சைக்கிளை என்னோடும் பிள்ளையோடும் சேர்த்து வேலியில் சாய்த்துவிட்டு, "அப்பா!" என்று கதறிக்கொண்டு உள்ளே ஓடினார்.

கிணற்றடியிலிருந்து மண்வெட்டியோடு மாமா வந்தார்.

"ஆரடா இஞ்ச செத்தது?"

விஜி திரும்பிப் பார்த்தார். அப்படியே விழுந்து சேறு பிடித்த இரண்டு காலையும் கட்டிக்கொண்டார். "நான் உங்களைச் சாக்காட்டிட்டன் எண்டு நினைச்சன் அப்பா" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

மாமா காலை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கத்தினார்.

"உயிரோட நிக்கிற அப்பனுக்கு எள்ளுத்தண்ணி விட்டவன் உலகத்திலயே நீ ஒருத்தன்தானடா! அப்பிடி என்ன கோவம் என்னில?"

"கோவமில்லை அப்பா. தகப்பன் பேர் எண்டு ஆர் கேட்டாலும் உங்கட பேர்தான் வாயில வருது. இரண்டு வருசமா மாத்திப் பாத்தன், வேற பேர் வருகுதில்லை."

இந்த இடத்தில் நான் பேசாமல் நின்றிருக்கலாம். ஆனால் எனக்கும் ஒரு அப்பா இருந்தார்.

"நீங்கள் கத்தாதேங்கோ மாமா" என்றேன். "அது உங்களுக்கெண்டு விட்ட தண்ணியில்லை. எங்கட அப்பாவுக்கு. அவருக்கு விட வேற ஆளில்லை. பேர் மாறி அதுவும் உங்களுக்கே வந்திட்டுது. உயிரோட இருக்கேக்க அவர் உங்கட ஆக்களின்ர வயலுக்குத்தான் தண்ணி கட்டினவர். செத்தும் அதைத்தான் செய்திருக்கிறார்."

மாமா என்னைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல்முறை. பிறகு என் இடுப்பில் இருந்தவனையும், அவனுடைய காதையும் பார்த்தார்.

"கொப்பற்ர பேர் என்ன?"

"மாயாண்டி."

"மாயாண்டி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "அந்த மனுசன்ர தண்ணியை நான் குடிச்சிட்டு நிக்கிறன்."

மாமா வீரகத்தியைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டு, அதில் தான் இருந்தார்.

"பிள்ளை, குசினிக்குள்ள போய் எனக்கொரு தேத்தண்ணி போடு."

மாமி திடுக்கிட்டு, "இஞ்சாருங்கோ, அவள்..." என்று தொடங்கினா.

"சும்மா இரப்பா. நேற்றோட நான் செத்தாச்சு. செத்தவனுக்கு என்ன சாதி?"

நான் குசினிக்குள் போக, பிள்ளையை யாரிடமாவது கொடுக்க வேண்டியிருந்தது. நேரே கொண்டுபோய் மாமாவின் மடியில் வைத்தேன். அவர் அவனைத் தூக்கி மூக்கைப் பார்த்தார். உடனே எங்களைப் பிடித்து ஏசத் தொடங்கினார்.

"அறிவு கெட்டதுகள்! பச்சைப் பிள்ளையை ஆடி வெயிலுக்குள்ள ஆரும் கடற்கரைக்குக் கொண்டுபோவினமே? தோல் உரிஞ்சு கிடக்கு!"

தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார். மாமி குசினி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"வாற அமாவாசைக்குக் கடலுக்குப் போய் அந்தாளுக்கு ஒழுங்கா விடவேணும்" என்றார். "நானும் வாறன். இவனை நம்பி அனுப்பேலாது, இவன் அடுத்ததாத் தாயையும் சாக்காட்டிப்போடுவான். ஐயர் பாட்டன் பேரும் கேப்பார். மாயாண்டியின்ர தகப்பன் பேர் என்ன?"

எனக்குத் தெரியாது. அப்பா சொன்னதில்லை. அவருக்கே தெரிந்திருந்ததோ என்னவோ. தோட்டத்தில் அவர்களுக்குப் பேர் இருந்ததைவிட நம்பர் இருந்ததுதான் அதிகம். "தெரியாது மாமா" என்று அவர் குடித்த கோப்பையை வாங்கினேன்.

மாமா நிருஷனை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"தெரியாட்டி என்ன, என்ர அப்பான்ர பேரைச் சொல்லுவம்" என்றார். "கதிரவேலு."