ஞாயிற்றுக்கிழமைச் செய்தி

கப்பல் கம்பெனிக்குத் தந்தி போல அச்சாகி வரும் டெலக்ஸ் செய்திகளை ஆள் கை படாமல் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் புரோகிராமை எழுதி முடிக்க ஆம்ப்ரோஸுக்கு எட்டு மாதம் பிடித்தது. டெலக்ஸ் எந்த நேரத்திலும் வரும். கம்ப்யூட்டர் வேறு வேலையாக இருந்தால் அது வரிசையில் காத்திருக்கும். முறை வந்ததும் உரிய பிரிவில் அச்சாகி விழும். கப்பல் பெயரைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியாவிட்டால் மட்டும் அந்தச் செய்தி தனியே ஒதுங்கிவிடும். அவற்றை ஆம்ப்ரோஸ்தான் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும்.

1984 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிப்பந்திகள் பிரிவில் ஒரு சீட்டு விழுந்தது. குடல்வால் வெடித்து மொம்பாசா துறைமுகத்தில் கரையிறக்கப்பட்ட சேதுபதி என்ற கப்பல் சிப்பந்தி அங்கே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்றது அது. அந்தப் பிரிவில் வேலை பார்த்த லீலா, ஆங் மோ கியோ அடுக்குமாடியில் இருந்த அவர் மனைவி தங்கத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, கழிவறைக்குள் போய் அழுதாள்.

பதினோரு மணிக்கு ஆம்ப்ரோஸ் ஒதுங்கிக் கிடந்த ஏழு செய்திகளை எடுத்தான். கப்பல் பெயர் இருக்கும் முதல் வரியை மட்டும் பார்த்தான், எழுத்துப் பிழையைத் திருத்தினான், அனுப்பினான். ஏழுக்கும் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சாப்பாட்டு நேரம் முடியும் சமயத்தில் லீலா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"ஆம்ப்ரோஸ், சேதுபதி சாகலையாம்! ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதாம், கஞ்சி குடிச்சாராம். காலைல வந்தது ஏதோ தப்பு லா. தங்கத்துக்கு உடனே சொல்லிட்டேன், போன்லயே அழுதுச்சு பாவம்."

அவன் சீட்டை வாங்கிப் பார்த்தான். மேலே அச்சாகியிருந்த நேரம் 11.20. அது கம்ப்யூட்டர் எடுத்த நேரம். டெலக்ஸ் அறைக்குப் போய் மூலத்தாளைத் தேடினான். அனுப்பிய நாள் ஞாயிறு என்றிருந்தது. மரணச் செய்தி திங்கள் இரவு அனுப்பியது. முந்தியது, கப்பல் பெயர்ப் பிழையால் ஒதுங்கிக் கிடந்து, பிந்தி வந்திருந்தது.

"போன்ல சொல்லிடலாமே," என்றார் விஷயத்தைக் கேட்ட மேலாளர்.

"இன்னொரு போனா சார்?" என்று கேட்டுவிட்டு, ஆம்ப்ரோஸ் தங்கத்தின் வீட்டுக்கு டாக்சி பிடித்தான்.

ஐந்தாவது மாடியில் கதவு திறந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கம் தலைக்குக் குளித்து, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்திருந்தாள்.

"கம்பெனிலருந்தா தம்பி? உக்காருங்க, காப்பி போடுறேன்."

"வேணாம்க்கா. நீங்க உக்காருங்க."

அவன் முகத்தைப் பார்த்தே அவள் உட்கார்ந்துவிட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். வரிசை, பிழை, தான் படிக்காமல் அனுப்பியது, ஒன்றையும் மறைக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

"அப்ப காலைல சொன்னதுதான் நெசமா?"

"ஆமாக்கா."

"காலைல இந்தக் குங்குமத்தை என் கையாலதான் அழிச்சேன் தம்பி. மத்தியானம் திரும்ப வச்சேன். மறுபடியும் நானே அழிக்கணுமா?"

அவன் கொண்டுவந்திருந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளை எடுத்து விரித்தான். அதைப் பார்த்து அவள் கேட்டாள், "ஞாயித்துக்கெழமை நல்லா இருந்தாரா?"

"இருந்தார்க்கா. கஞ்சி குடிச்சார். வீட்ல பயப்பட வேணாம்னு சொல்லச் சொல்லியிருக்கார்."

"அந்தத் தாளைக் குடுங்க."

கொடுத்தான். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அவர் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"என் பொண்ணு சரஸ்வதி பள்ளிக்கூடம் விட்டு வந்துருவா," என்றாள். "அவளுக்கு லீலா பள்ளிக்கே போன் பண்ணி, ஆபரேஷன் முடிஞ்சு அப்பா நல்லாருக்கார்னு சொல்லிட்டா. நீங்களே சொல்லிடுங்க தம்பி. என்னால ஆகாது."

ஆம்ப்ரோஸ் லிஃப்ட் அருகே போய் நின்றான். கதவு திறந்ததும் புத்தகப் பையோடு ஒரு பெண் துள்ளி வெளியே வந்தாள், பன்னிரண்டு வயதிருக்கும்.

"நீ சரஸ்வதியாம்மா?" என்று கேட்டான்.