ஞாயிற்றுக்கிழமைப் பெரியம்மா

"ஆமா, காலையில ஆறரைக்கு. முகம் கழுவப் போனாங்க, அப்படியே சாஞ்சுட்டாங்க. அக்கா தவறிட்டாங்க" என்று பதினான்காவது ஆளிடம் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். முப்பது வருஷமாக பஸ்ஸில் கண்டக்டராக நிறுத்தங்களின் பெயரைக் கூவிய வாய். இதையும் அதே குரலில்தான் சொன்னது.

கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்த குளிர்ப்பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தப் பொண்ணுக்குச் சொன்னீங்களா?"

"எந்தப் பொண்ணு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. பெரியம்மா வருவாங்கன்னு வாசலையே பாத்துட்டு இருக்கும்."

தெரியாமல் இல்லை. அக்கா துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கே பெருக்க வந்த ஒருத்தியின் கணவன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையானபோது, அவர்களுடைய காது கேளாத மகளின் படிப்பை அக்கா ஏற்றுக்கொண்டாள். காது மெஷின், பேச்சு சொல்லித்தரும் பள்ளிக்கூடம், சீருடை, எல்லாம். "நம்ம வீட்டுல இல்லாத பிள்ளையா?" என்று அவர் கேட்டார். ஒரே ஒரு தடவைதான். அதற்கப்புறம் ஐந்து வருஷம் அந்தப் பெண்ணின் பேச்சை அக்கா அவரிடம் எடுக்கவே இல்லை. ஞாயிறுதோறும் மூன்று மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

விலாசத்தை மனைவிதான் சொன்னாள். அவளிடம் அக்கா எல்லாம் சொல்லியிருந்தாள்.

மூன்றாவது மாடி, ஒற்றை அறை. கட்டிலில் ஒருவன் கிடந்தான். தரையில் நோட்டை விரித்துக்கொண்டு, தலைவாரிப் பின்னிய ஒன்பது வயதுப் பெண். கதவைத் திறந்த அம்மா அவர் யாரென்று கேட்கவில்லை. அக்காவின் மூக்குதான் அவருக்கும். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்போ?"

"காலையில."

கட்டிலில் கிடந்தவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நீங்களே அவகிட்ட சொல்லிடுங்கண்ணே. எனக்கு வாய் வராது" என்றாள் அம்மா. "உதட்டைப் பாத்துதான் புரிஞ்சுக்குவா. மெதுவா சொல்லுங்க."

அவர் தரையில் உட்கார்ந்தார். பெண் அவர் வாயைப் பார்த்தாள்.

"பெரியம்மா தவறிட்டாங்க."

"பஸ்ஸைத் தவற விட்டுட்டாங்களா?" சற்று மூக்கால் வரும் உரத்த குரல்.

"இல்லம்மா. பெரியம்மா நம்மளை விட்டுப் போயிட்டாங்க."

"எங்க போனாங்க? எப்ப வருவாங்க?"

காலையிலிருந்து அத்தனை பேரிடம் பேசியும் அந்தச் சொல்லை மட்டும் சொல்லவே இல்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் சொல்கிற சொல். உதட்டை நன்றாகப் பிரித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"பெரியம்மா செத்துட்டாங்க."

சொன்னபின் வாயை மூட முடியவில்லை. தாடை ஆடியது. இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்பதுபோல அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து, அவரோடு வருவதற்காகச் செருப்பைத் தேடினாள்.

படி இறங்கும்போது பின்னால் வந்த அம்மா சொன்னாள்: "வர்ற வருஷம் இவளைப் பக்கத்து ஸ்கூல்லயே சேத்துடுறேன். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

"அங்க பேச்சு சொல்லித் தருவாங்களா?"

அவள் குனிந்து படியைப் பார்த்தே இறங்கினாள்.

"அப்ப இருக்கிற எடத்துலயே படிக்கட்டும்." இரண்டு படி இறங்கிவிட்டு நின்றார். "ஞாயித்துக்கெழமை எனக்கு டூட்டி. மாத்திக்கிறேன்."

அவர் வீட்டில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். பெட்டி பெண்ணின் கழுத்துவரை இருந்தது. அவர் முக்காலியை இழுத்துப் போட்டார். அவள் ஏறிக் குனிந்தாள். மூச்சு படிந்து கண்ணாடி மங்கியது. உள்ளங்கையால் துடைத்துவிட்டு, பெரியம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நேரமாகிறது என்று யாரோ அவளை இறக்கிவிடக் கை நீட்டினார்கள்.

"இருக்கட்டும்" என்றார் அவர். முக்காலி ஆடாமல் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.